ஜூலை நான்காம் தேதிக்கு முன்னால் வந்துவிடு

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. சிகாகோவில் அந்தக் கட்டடத்துக்குக் குடிபோய் இத்தனை நாளாகியும் எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது என்றாய். "சோளக்காட்டுக்கு நடுவுல உங்களுக்கு மட்டும் எப்படிம்மா இத்தனை பேர் கிடைச்சாங்க?" என்று கேட்டாய். பேச்சில் எனக்குக் கோவையாக வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இந்த அயோவா மாநிலத்தைத் தேடி வந்தவர்கள் இல்லை. ஜே-1 விசாவில் வந்து பயிற்சி முடித்த டாக்டர்கள் உடனே ஊர் திரும்பாமல் இருக்க வேண்டுமானால், டாக்டர் கிடைக்காத பகுதியில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். வடக்கு டகோட்டாவின் செனட்டர் கென்ட் கான்ராட் முயற்சியில் 1994-இல் வந்த ஏற்பாடு அது. இப்போது ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடத்துக்கு 30 இடம். அப்படித்தான் எனக்கு இந்தச் சின்ன ஆஸ்பத்திரி அமைந்தது. மூன்று வருடம் முடிந்ததும் டல்லாஸ் பக்கம் போய்விடலாம் என்பதுதான் அப்பாவின் திட்டம். போகவில்லை. இந்த ஊர்க் கோடைக்காலம்தான் அதற்குக் காரணம்.

முதல் கோடையில் நமக்குத் தெரிந்த ஒரே இடம் பூன் பக்கத்தில் இருக்கும் லெட்ஜஸ் பூங்கா. இருபுறமும் மணற்பாறை உயர்ந்து நிற்க, நடுவில் போகும் சாலையின் மேலேயே ஓடை ஓடும். கார்கள் தண்ணீரைக் கடந்து மெதுவாகப் போகும், நீங்கள் எல்லாம் அதிலேயே உட்கார்ந்து ஆடுவீர்கள். அங்கே தூக்குவாளியில் கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தை நாம் நால்வர் மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவோம். பக்கத்து மேசையில் இருப்பவர்கள் கையசைப்பார்கள், சிரிப்பார்கள். அவ்வளவுதான். நல்ல மனிதர்கள், ஆனால் அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

அது மாறியது ஜூலை நான்காம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, தீயணைப்பு நிலையத்தின் பான்கேக் காலை உணவில். இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் தீ அணைக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். விவசாயி, மெக்கானிக், ஆசிரியர் என்று பல வேலை செய்பவர்கள். குழாய், உடை வாங்கப் பணம் சேர்க்க அந்தச் சாப்பாடு போடுவார்கள். சாப்பிடப் போன என்னிடம் ஒரு அம்மா கரண்டியை நீட்டி, "கொஞ்சம் இந்தக் கல்லைப் பார்த்துக்கொள்ள முடியுமா? ஒரு ஆள் குறைகிறது" என்றார். தோசை ஊற்றிய கை அல்லவா, சரசரவென்று ஓடியது. மத்தியானம் சுதந்திர தின ஊர்வலத்தில் டிராக்டர் ஓட்டிப் போனவர்கள் என்னைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உனக்கு என்று தனியாக ஒரு கை மிட்டாய் எறிந்தார்கள்.

இந்த ஊர் விருந்துக்கு அழைத்து நம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை, கண்ணு. வேலை கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. இதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

அப்புறம் உன்னுடைய 4-எச் பிள்ளைகள் சங்கம். நூறு வருடத்துக்கு முன்னால் இதே அயோவாவின் பேஜ் கவுண்டி என்ற மாவட்டத்தில் ஜெஸ்ஸி ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியை பண்ணைப் பிள்ளைகளுக்காக நடத்திய சங்கங்களும் அதன் தொடக்கத்தில் உண்டு. நம் வீட்டில் ஆடு மாடு கிடையாது, நீ கத்தரிக்காய் வளர்த்தாய். கவுண்டிப் பொருட்காட்சியில் நடுவர் உன் எதிரில் உட்கார்ந்து, எப்படி வளர்த்தாய், பூச்சிக்கு என்ன செய்தாய், அடுத்த முறை எதை மாற்றுவாய் என்று பெரியவர்களைக் கேட்பதுபோல் கேட்டார். பரிசாகக் கிடைத்த நீல ரிப்பனை நீ தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியது எனக்குத்தான் தெரியும். உனக்குச் செடிக்கு மருந்து சொல்லிக் கொடுத்த பக்கத்துப் பண்ணைத் தாத்தாவை நினைவிருக்கிறதா? பன்றிக் கொட்டகை கழுவ நீயும் அவருடைய பேரனும் போவீர்கள்.

ராக்பிரை என்ற சைக்கிள் பயணக் கூட்டம் நம் பக்கம் வந்த வருடத்தையும் சொல்ல வேண்டும். 1973-இல் டெ மொய்ன் ரெஜிஸ்டர் பத்திரிகைக்காரர்கள் இருவர் ஆரம்பித்தது. மிசௌரி ஆற்றில் பின்சக்கரத்தை நனைத்துப் புறப்பட்டு, ஒரு வாரம் மாநிலத்தைக் குறுக்கே கடந்து, மிசிசிப்பியில் முன்சக்கரத்தை நனைப்பார்கள். வழியிலுள்ள ஊர்களுக்கு அதுதான் திருவிழா. சர்ச் பெண்கள் 'பை' என்ற இனிப்புப் பலகாரம் சுட்டு விற்றார்கள், நான் இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போட்ட நீர்மோர் கொடுத்தேன். ஜூலை வெயிலில் ஓட்டி வந்தவர்கள் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்கள். பை சுட்ட பெண்கள் அதற்கப்புறம் நம்முடன் மேட்ரிட் ஊர்க் கோயிலுக்கு வந்தார்கள். வயல் நடுவே இருக்கும் அந்தக் கோபுரத்தைப் பார்த்து நின்றார்கள், பொங்கல் சாப்பிட்டார்கள். மாலையில் எல்லோருமாக ஹை டிரெஸ்டில் பாலத்துக்குப் போனோம். பழைய ரயில் பாதையில் 2011-இல் திறந்த அரை மைல் நீளப் பாலம், கீழே 130 அடியில் டெ மொய்ன் ஆறு. இருட்டியதும் இரும்புச் சட்டங்களில் நீல விளக்கு எரியும். இந்தப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களின் நினைவாக அப்படி அமைத்திருக்கிறார்கள்.

2020 ஆகஸ்ட் 10 அன்று அடித்த டெரேச்சோ என்ற சூறைக்காற்றின்போது நீ ஊரில் இல்லை. 14 மணி நேரத்தில் 770 மைல் ஓடிய காற்று அது. தானியக் குதிர்கள் நசுங்கின, சோளம் படுத்துவிட்டது, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நம் மேப்பிள் மரம் வாசலை அடைத்து விழுந்தது. நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. போனும் வேலை செய்யவில்லை. மத்தியானமே பண்ணைத் தாத்தாவின் மகன் ரம்பத்தோடு வந்துவிட்டார். அன்றிலிருந்து தெருவில் எல்லோர் ஃப்ரீசரிலும் இருந்ததைக் காஸ் அடுப்பில் சமைத்து ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். அவர்கள் வீட்டுக் கூரையே பறந்துபோயிருந்தது என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

அதனால் சொல்கிறேன், எதிர்வீட்டுக் கதவைத் தட்டத் தயங்கினால் பரவாயில்லை. உன் தெருவில் நூலகமோ சமூகத் தோட்டமோ இருக்கும். அங்கே போய், "ஏதாவது வேலை இருக்கிறதா?" என்று கேள். நாற்காலி எடுத்துப் போடச் சொல்வார்கள், அடுத்த வாரம் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

அதற்கு முன்னால் இங்கே ஒரு நடை வா. நான்காம் தேதி காலைக்குப் பரிமாற ஆள் வேண்டும் என்றார்கள், உன் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்தரைக்கே மாவு கரைக்கணும், முந்தின நாள் ராத்திரியே வந்து சேர்ந்துவிடு. சிரப் பாத்திரங்கள் கனமாக இருக்கும், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
அம்மா