ஹப் தயாரிப்பாளர்களே, பெட்டியின் மேல் முழு விவரத்தையும் போடுங்கள்

ஸ்மார்ட் ஹோம் ஹப் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். வீட்டின் பல்பு, சென்சார், ஸ்விட்ச்சுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் பெட்டிதான் ஹப். 'மேட்டர் உண்டு' என்ற முத்திரையை நம்பி ஹப் வாங்குபவர், கூடவே த்ரெட் என்ற குறைந்த சக்தி ரேடியோ முறையில் இயங்கும் ஒரு பல்பும் வாங்குகிறார். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் புளூடூத் வழியாக பல்பு தெரிகிறது. அடுத்த படியில் அப்படியே நின்றுவிடுகிறது. பல்பில் குறை இல்லை. த்ரெட் கருவிகளை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் 'த்ரெட் பார்டர் ரூட்டர்' ஹப்பில் இல்லை. 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் ஒரு ரேடியோ அல்ல. வைஃபை, ஈதர்நெட், த்ரெட் ஆகியவற்றின் மேல் பேசப்படும் பொது மொழி. உங்கள் ஹப் மேட்டர் கருவிகளை இயக்கும் கன்ட்ரோலரா, பார்டர் ரூட்டரா, ஜிக்பீ என்ற வேறொரு ரேடியோ முறையில் பேசும் கருவிகளை மேட்டரோடு இணைக்கும் பிரிட்ஜா என்பதைத் தனித்தனியாக அச்சிடுங்கள். இசட்-வேவ் என்ற இன்னொரு ரேடியோ முறை இருந்தால் அதன் அதிர்வெண்ணையும் போடுங்கள். 868 மெகாஹெர்ட்ஸ் ஐரோப்பிய ஹப்புடன் 908 மெகாஹெர்ட்ஸ் அமெரிக்க சென்சார் எந்நாளும் பேசாது.

சேனல் விஷயம் இதைவிடத் தலைவலி. ஜிக்பீக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 11 முதல் 26 வரை 16 சேனல்கள். ரூட்டர் வைஃபை 6ஆம் சேனலில் ஓடினால், 2437 மெகாஹெர்ட்ஸை நடுவாக வைத்து 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜிக்பீயின் 16 முதல் 19 வரை அதற்குள் சிக்கும். காலையில் ஒழுங்காக இருந்த கதவு சென்சார், வீடே வீடியோ பார்க்கும் நேரத்தில் தகவல் அனுப்பத் திணறுவது பெரும்பாலும் இதனால்தான். ஹப்பை ரூட்டருக்கு ஒட்டியே வைத்தால் கேட்கவே வேண்டாம். ஜிக்பீயின் 25ஆம் சேனல் வைஃபையின் 11ஆம் சேனலுக்கும் வெளியே இருக்கிறது. 26 இன்னும் தள்ளி இருந்தாலும் சில கருவிகள் அதில் குறைந்த சக்தியில்தான் அனுப்பும். சேனலைத் தேர்ந்தெடுக்கும் வசதியைச் செயலியில் ஒளிக்காமல் வையுங்கள். மாற்றினால் உறக்கத்தில் இருக்கும் பேட்டரி சென்சார்களை மறுபடி இணைக்க வேண்டிவரலாம் என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கட்டும்.

கடைசியாக, பேக்கப். ஹப் செத்தால், கருவிகளோடு பேச உதவும் ரகசியக் குறியீடான நெட்வொர்க் சாவியும் கருவிப் பட்டியலும் அதோடு போய்விடுகின்றன. பிறகு ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு ஜிக்பீ பல்பையும் ரீசெட் செய்ய வேண்டும். இசட்-வேவ் ஸ்விட்ச் பழைய நெட்வொர்க்கையே பிடித்துக்கொண்டிருக்கும். புது ஹப்பில் முதலில் 'எக்ஸ்க்ளூஷன்' என்ற நீக்கும் கட்டளையை ஓட்டி விடுவித்த பிறகுதான் சேர்க்க முடியும். கடவுச்சொல்லால் பூட்டிய ஒரு கோப்பாக இவற்றை வெளியே எடுத்துவைக்க வழி கொடுங்கள். அதை உங்கள் சர்வரில் மட்டும் பூட்டி வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஹப் பொருத்திப் பராமரிப்பவர்கள்