குரங்குக்குட்டியா, பூனைக்குட்டியா?

தருமபுரி

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மாங்காய் இந்த வருஷம் சுமார்தான். வந்த காசு பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் சரியாகப் போயிற்று.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மோட்சமும் உங்கள் இரட்சிப்பும் ஒன்றுதானா என்று கேட்டிருந்தாய். ஒன்றில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் பாவத்திலிருந்து மீட்பு என்கிறீர்கள். சைவம் ஆணவம், கன்மம், மாயை என்று உயிரைக் கட்டியிருக்கும் மூன்றும் கழல வேண்டும் என்கிறது. புத்தர் சொன்னது ஆசை அவிந்துபோவதை. அங்கே கைதூக்கிவிட ஒரு கடவுளே கிடையாது.

ஆனால் ஒரு வழக்கு மட்டும் பல மதங்களுக்குள்ளும் ஓடுகிறது. கரையேறுவது நம் முயற்சியாலா, அவன் அருளாலா? வைணவத்தில் வடகலையார் தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள்; தென்கலையார் தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டியை. உங்கள் கிறிஸ்தவ வீட்டில், போப்பை எதிர்த்துப் பிரிந்த லூத்தர் காலத்து வழக்கு 1999-இல்தான் ஓரளவு தணிந்தது. ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும், மீட்பு அருளால்தான், நம் புண்ணியத்தால் அல்ல என்று சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். அணுவளவு நன்மையும் கணக்கில் வரும் என்கிற இஸ்லாமிலும், அல்லாஹ்வின் ரஹ்மத், அதாவது அருள், இல்லாமல் நற்செயலால் மட்டும் யாரும் சொர்க்கம் போக முடியாது என்கிறார்கள். சமணர்தான் விடாப்பிடி. அவர்களுடைய ஞானகுருவான தீர்த்தங்கரர் வழி காட்டுவார், நடக்க வேண்டியவன் நீயே.

நான் பூனைக்குட்டி பக்கம். அப்பாவை நீயும் பார்த்தாயே. விடிந்தால் தேவாரம் ஓதிய மனுஷன்; பக்கவாதம் வந்த பிறகு ஒரு வரிகூட வாயில் வரவில்லை. தண்ணீர் ஊட்டினால் கடைவாயில் வழியும், துடைத்துவிட்டால் யார் என்று தெரியாமல் என்னையே பார்ப்பார். பற்றிக்கொண்டவனுக்கு மட்டும்தான் கதி என்றால் அவருக்கு என்ன கதி? அதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பக்கத்து நடுகற்கள் சிலவற்றில், மாடு மீட்கப் போய் மாண்ட வீரனை மேலே தேவப்பெண்கள் இருபுறமும் கைத்தாங்கலாக அழைத்துப் போவார்கள். ஊர் மாட்டை மீட்கக் கிளம்பியவன் சொர்க்கத்தை நினைத்தா ஓடியிருப்பான்? அந்தக் கல்லைச் செதுக்கியவனும் என் கட்சிதான் என்று நினைக்கிறேன்.

உன் பதிலை விரிவாக எழுது. கிறிஸ்துமஸுக்கு எலத்தகிரி வரும்போது முன்கூட்டியே சொல், பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு வருகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்