மகளுக்கு: கேமரா வாங்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

வீட்டைக் கண்காணிக்க வாங்கலாம் என்று நீ அனுப்பிய மூன்று வயர்லெஸ் கேமராக்களின் விவரத்தையும் பார்த்தேன். மூன்றிலும் மெகாபிக்சலைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். கேமரா எங்கே உட்காரப்போகிறது, பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா, அதை முதலில் பாரும்மா.

வயர்லெஸ் என்றால் படம் வைஃபையில் போகும், அவ்வளவுதான். பேட்டரி இல்லாத கேமராவுக்குக் கரண்ட் ஒயர் வேண்டும். பேட்டரி கேமராவில் ஒயர் தொல்லை இல்லை, ஆனால் அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். உடல் சூட்டை உணரும் சென்சார் தட்டி எழுப்பிய பிறகுதான் பதிவு தொடங்கும். அதற்குள் ஓரிரு வினாடி போய்விடும். வாசலில் இருந்த பார்சலை எடுத்தவரின் முதுகு மட்டும் பதிவாவது இதனால்தான். அந்த சென்சாருக்குக் குறுக்கே நடப்பவர் சட்டென்று தெரிவார், நேராக அதை நோக்கி வருபவர் தாமதமாகத்தான் தெரிவார். அதனால் வாசலுக்குப் பிளக்கில் ஓடுவதை வாங்கு. கரண்ட் எட்டாத பின்பக்கத்துக்கு வேண்டுமானால் பேட்டரி.

பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா இருட்டியதும் அடிக்கடி அணைந்து எழுந்தால், உடனே கேமராவைக் குறை சொல்லாதே. கூட வந்த ஒயர் எட்டவில்லை என்று மெல்லிசான நீள யூஎஸ்பி ஒயர் போட்டிருப்பார்கள். இரவில் இருட்டில் படம் பிடிக்க, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும்போது கரண்ட் அதிகம் இழுக்கும். 5 வோல்ட் போய்ச் சேருவதற்குள் குறைந்துவிடும். தடித்த ஒயர் போடு, இல்லையென்றால் அடாப்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவா.

இப்போது மெகாபிக்சல். முன்பின் தெரியாத முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 250 பிக்சல், அதாவது படப் புள்ளிகள், விழ வேண்டும் என்பது இந்தத் துறையில் வழக்கமான கணக்கு. 1080p என்று போட்டிருக்கும் கேமராவின் பட அகலம் 1920 பிக்சல். 110 டிகிரி லென்ஸ் 3 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 8.6 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். மீட்டருக்கு 223 பிக்சல், ஒப்பேறிவிடும். 6 மீட்டரில் அது பாதியாகிவிடும். 2560 பிக்சல் அகலமுள்ள 4 மெகாபிக்சல் கேமரா வாங்கினாலும் அங்கே 150-ஐத் தாண்டாது. காசைக் கூட்டுவதைவிடக் கேமராவை வாசலுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதே மேல். உயரம் இரண்டு, இரண்டரை மீட்டர் போதும். அதற்கு மேலே போனால் உச்சந்தலைதான் தெரியும்.

கேமராவை ஜன்னலுக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்கும் யோசனையை விட்டுவிடு. இரவில் அதன் விளக்கு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். சூட்டை உணரும் சென்சாரும் கண்ணாடிக்கு அப்பால் வேலை செய்யாது. வேறு வழியே இல்லையென்றால் இன்ஃப்ராரெட்டை அணைத்துவிட்டு, வெளியே ஒரு விளக்கை எரியவிடு.

இந்தக் கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். சுவரைத் தாண்டிப் போவதற்கும் அதுதான் நல்லது. ஆணி அடிக்கும் முன், கதவை மூடிவிட்டு, அதே இடத்தில் போனை வைத்து வீடியோ கால் செய்துபார். போனிலேயே படம் திக்கினால் அங்கே கேமராவும் திக்கும்.

வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் விடாமல் பதிவு செய்தால் ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி. 64 ஜிபி மெமரி கார்டு மூன்று நாளைக்கே பற்றாது. வீடியோவை இன்னும் சுருக்கிச் சேமிக்கும் H.265 முறை இருந்தால் அதே கார்டு ஏறக்குறைய இரட்டிப்பு நாள் வரும். சாதாரண கார்டு ஓயாத எழுத்தில் சீக்கிரம் தேய்ந்துபோகும். 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்டதைக் கேட்டு வாங்கு. கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் கார்டும் கூடவே போய்விடும் என்பதால், ஆள் நடமாட்டத் துண்டுகள் மட்டுமாவது கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், சேரட்டும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் சோம்பல் கூடாது. 2016-இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமரா, ரவுட்டர் போன்ற கருவிகளுக்குள்தான் லட்சக்கணக்கில் புகுந்தது. புது பாஸ்வேர்டு, இரண்டு கட்டச் சரிபார்ப்பு இரண்டையும் முதல் நாளே போட்டுவிடு. கேமராவை கெஸ்ட் வைஃபையில், அதாவது ரவுட்டரில் விருந்தினருக்கென்று இருக்கும் தனி வைஃபையில், சேர். உன் லேப்டாப் இருக்கும் நெட்வொர்க்கில் வேண்டாம்.

படுக்கையறையில் கேமரா வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டு வாசல் படத்தில் விழுந்தால், ஆப்பில் 'பிரைவசி சோன்' இருக்கும், அந்த இடத்தை மறைத்துவிடு. வீட்டு வேலைக்கு வருகிறவரிடமும் கேமரா இருப்பதைச் சொல்லிவிடு.

ஒட்டுநாடாவில் தற்காலிகமாக ஒட்டி, இரவு விளக்கை அணைத்துவிட்டு வாசலில் ஒருமுறை நடந்துபார். அந்தப் பதிவை எனக்கு அனுப்பு. முகம் தெரிந்தால் துளை போடலாம்.

அன்புடன்,
அப்பா