செயலாளர் ஆண்டறிக்கை 2023: கனடியன் ஃபுட்போல் லீக்கின் பத்தாவது அணி எந்த நகரத்துக்கு?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், இந்தக் குளிரிலும் ஸ்காபரோவின் நாலா பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

2023இல் நிர்வாக சபை ஏழு தடவை கூடியது. அங்கத்தவர் தொகை 41இலிருந்து 58 ஆகியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களில் அரைவாசிப் பேர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நம்மில் பலரை முதன்முதலாகக் கனடியன் ஃபுட்போல் (உதைபந்தாட்டம் அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போன மூத்த அங்கத்தவர் ஒருவரை மார்ச் மாதத்தில் இழந்தோம். அவர் இருந்த இருக்கைக்குப் பக்கத்தில் இன்னமும் நாங்கள் பையை வைப்பதில்லை.

நம் ரொறன்ரோவின் ஆர்கோநட்ஸ் அணியின் ஆண்டு உங்களுக்குத் தெரியும். 18 ஆட்டங்களில் 16 வெற்றி. 1989இல் எட்மன்ரன் வைத்த சாதனைக்குச் சமம். அப்புறம் நவம்பர் 11, கிழக்குப் பிரிவு இறுதி ஆட்டம், நம் சொந்த மைதானத்தில் மொன்றியலிடம் 38–17 தோல்வி. திரும்பி வரும்போது ரயிலில் நம் பிள்ளைகள் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் அதே மொன்றியல் ஹமில்ரனில் வினிப்பெக்கை 28–24 என்று வென்று லீக்கின் வெற்றிக் கிண்ணமான கிரே கிண்ணத்தைக் கொண்டுபோனது. அந்த மொன்றியல் அணியின் பழைய கதை இந்த அறிக்கையில் பின்னால் வரும்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத் தீர்மானப்படி, லீக்கின் பத்தாவது அணி எந்த நகரத்துக்குப் போக வேண்டும் என்று ஆராய ஐந்து பேர் கொண்ட குழு அமைத்தோம். லீக்கில் இன்று 9 அணிகள். மேற்கில் 5, கிழக்கில் 4. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால் எந்த வாரமும் ஏதோவொரு அணி சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. ஒட்டாவாவுக்கு அணி இல்லாமல் போன காலங்களில் பிரிவுகளைச் சமன்செய்ய வினிப்பெக்கைக் கிழக்குக்கு இழுப்பார்கள், பிறகு மேற்குக்கே திருப்பி அனுப்புவார்கள். பத்தாவது அணி வந்தால் ஐந்துக்கு ஐந்து. அப்போதைய லீக் ஆணையாளர் ரண்டி அம்ப்ரோசியும் இதைப் பல வருடமாகச் சொல்லிவந்தார்.

குழு முதலில் எடுத்தது பழைய பிழைகளை. 1993இல் பணத் தட்டுப்பாட்டில் இருந்த லீக் அமெரிக்காவுக்குள் போனது. முதலில் சக்கிரமென்ரோ. மறுவருடம் லாஸ் வேகாஸ், போல்ரிமோர், ஷ்ரீவ்போர்ட். 1995இல் பர்மிங்ஹம், மெம்பிஸ். சக்கிரமென்ரோ அணி சான் அன்ரோனியோவுக்கு இடம் மாறியது. மூன்றே பருவத்தில் எல்லாம் முடிந்தது. லாஸ் வேகாஸின் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,350 பேர். மெம்பிஸில் மைதானமே கொள்ளவில்லை. நம் களம் 110 யார் நீளம், 65 யார் அகலம், இரண்டு முனையிலும் 20 யார் எண்ட் ஸோன் (பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்கும் பகுதி). அமெரிக்கக் களத்துக்குக் கட்டிய அரங்கில் அதை எப்படி அடக்குவது? எண்ட் ஸோனின் மூலைகளை வெட்டி ஆடினார்கள். அந்தப் படத்தைக் குழுக் கூட்டத்தில் திரையில் போட்டபோது, நகரத்தைத் தெரிவு செய்தவர்கள் அளவுநாடாவையாவது கொண்டுபோயிருக்கலாமே என்று ஓர் அம்மா கேட்டார். எனக்கு அது அந்தக் காலம் முழுவதற்கும் கேட்க வேண்டிய கேள்வியாகப் பட்டது.

போல்ரிமோர் மட்டும் வேறு மாதிரி. 1984இல் தங்கள் அணியை இண்டியானாபொலிஸுக்குப் பறிகொடுத்த ஊர். பத்து வருடம் ஃபுட்போலுக்கு ஏங்கிக் கிடந்த ஊர். 1994இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 35,000க்கு மேல் வந்தார்கள். 1995இல் ரெஜைனாவில் கல்கரியை 37–20 என்று வென்று கிரே கிண்ணத்தையே எடுத்தார்கள். எல்லைக்கு அப்பால் போன ஒரே தடவை அதுதான். ஆனால் அதே மாதம் அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.லின் கிளீவ்லண்ட் அணி போல்ரிமோருக்கு வருவதாக அறிவித்துவிட்டார்கள். நம் லீக்கின் போல்ரிமோர் அணி உரிமையாளரும் மேலாளரும் 1996இல் மொன்றியலுக்கு வந்து அந்த ஊரின் பழைய அணியான அலுவெற்ஸை மறுபடி தொடங்கினார்கள். சென்ற நவம்பரில் நம்மை அழவைத்தது அந்த வழியில் வந்த அணிதான்.

மொன்றியலிலும் முதல் இரண்டு வருடம் ஒலிம்பிக் அரங்கின் பெரிய வெறுமைதான். 1997இல் யூ2 இசை நிகழ்ச்சியால் அந்த அரங்கு கிடைக்காமல், ஒரு பிளேஓஃப் (தோற்றால் வெளியேறும்) ஆட்டத்தை மக்கில் பல்கலைக்கழகத்தின் பழைய சின்ன மைதானத்துக்கு மாற்றினார்கள். அது நிரம்பியது. மறுவருடம் அணி அங்கேயே குடிபோனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. சின்ன மைதானம் நிரம்பினால் அது ஒரு ஊரின் திருவிழா. பெரிய மைதானத்தில் அதே கூட்டம் சாவீடு மாதிரி.

சனத்தொகையைப் பார்த்து நகரம் தெரிவு செய்வோருக்கு நம் ஊரே பதில். ரொறன்ரோப் பெருநகரில் 60 இலட்சத்துக்கு மேல் மக்கள். பல ஆட்டங்களுக்கு 15,000 பேர் சேருவதே பாடு. சஸ்கச்சுவான் அணியின் ஊரான ரெஜைனாவில் 2021 கணக்கெடுப்பின்படி 2,49,217 பேர். அங்குள்ள மைதானத்தில் 33,000 இருக்கை. மாகாணம் முழுவதும், நான்கு மணித்தியாலம் கார் ஓடி வருகிறவர்கள்கூட, தர்பூசணிப் பழத்தைக் குடைந்து தலையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

அட்லாண்டிக் கரையில், அணி இல்லாத ஹலிபக்ஸில் லீக் நடத்திய ஜூலை 29 ஆட்டத்துக்கு 14 பேர் இரண்டு வானில் போனோம். ஒரு வழிக்கு ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர். முன்பதிவு செய்த விடுதி ஒன்று கடைசி நேரத்தில் அறை இல்லையென்று கைவிரித்தது. நாலு பிள்ளைகளோடு பின்னிரவில் அடுத்த இடம் தேடியது எனக்கு மறக்காது. அடுத்த பயணத்தில் உறுதிப்பத்திரம் கையில் இல்லாமல் புறப்படமாட்டோம். ஒரு வாரத்துக்கு முன்னர்தான் நோவா ஸ்கோஷியாவில் பெருமழை கொட்டி வெள்ளத்தில் நால்வர் இறந்திருந்தார்கள். ஊர் அந்தத் துயரத்தோடேயே ஆட்டத்துக்கு வந்தது. செயின்ற் மேரிஸ் பல்கலைக்கழக மைதானத்தில் பெரும்பாலான இருக்கைகள் அந்த ஒரு நாளுக்காகப் பொருத்தியவை. ஆட்கள் காலைத் தட்டும்போது பலகை துள்ளியது. மடியில் வைத்திருந்த டோனேர் (அந்த ஊர் இறைச்சி ரொட்டிச் சுருள்) பொட்டலத்தின் இனிப்புச் சோஸ் என் சட்டையில் கொட்டியது. 11,000 பேருக்கு மேல். ஆர்கோநட்ஸ் சஸ்கச்சுவானை 31–13 என்று வென்றது. நாங்கள் ரொறன்ரோவில் இருந்து வந்தோம் என்றதும் முன்வரிசைக்காரர் எழுந்து இடம் தந்தார்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர். தலையில் ஸ்கூனர்ஸ் தொப்பி. ஸ்கூனர்ஸ் என்பது ஒரு ஆட்டம்கூட ஆடாத அணி. 1982இல் லீக் இந்த ஊருக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. 1984இல் ஆட வேண்டும், அதற்குள் பக்கத்து டார்ட்மத்தில் 34,000 இருக்கை மைதானம் கட்ட வேண்டும். பணம் சேரவில்லை, அனுமதி போய்விட்டது. 2018இல் அதே பெயரை எடுத்து இன்னொரு குழு வந்தது. 2019 டிசம்பரில் ஹலிபக்ஸ் நகரசபை நிபந்தனையோடு 2 கோடி டொலர் தரச் சம்மதித்தது. மூன்று மாதத்தில் கொரோனா. 2020 பருவமே நடக்கவில்லை. பெரியவர் தொப்பியைக் கழற்றி உள்ளே காட்டினார். வியர்வையில் எழுத்து அழிந்திருந்தது. “முதல் தடவை எனக்கு முப்பது வயது. இப்போது பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்” என்றார். பேரன் உதையால் வரும் ஒரு புள்ளியான ரூஜ் எப்படிக் கிடைக்கிறது என்று நம் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான். நாங்கள்தான் லீக் நகரத்துப் பிள்ளைகள்; அவனுக்குத்தான் விதி தெரிந்திருந்தது.

திரும்பும் வழியில் பாலம் தாண்டி கியூபெக் நகரத்துக்குள் போய் லாவால் பல்கலைக்கழக மைதானத்தைப் பார்த்தோம். ஜூலையில் அங்கே யாரும் இல்லை. சரி, இலையுதிர் காலத்தில் வந்து பார்ப்போம் என்று ஒக்டோபரில் எட்டுப் பேர் மறுபடி போனோம். காலையிலேயே வாகனத் தரிப்பிடம் முழுக்க அடுப்புப் புகை. குடும்பம் குடும்பமாகக் கூடாரம், பாட்டு, குழந்தைகளுக்கு முகத்தில் சிவப்பும் பொன்னிறமும். பல்கலைக்கழக ஆட்டத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வருவது அங்கே வழக்கம். 2022 வரை 11 தடவை வானியர் கிண்ணம் (கனடியப் பல்கலைக்கழக ஃபுட்போலின் வெற்றிக் கிண்ணம்) எடுத்த அணி. பெருநகரில் 8,39,311 பேர். 1995இல் நோர்டிக்ஸ் ஹொக்கி அணி போன பிறகு எந்தத் தொழில்முறைப் பெரிய அணியும் இல்லை. பக்கத்தில் மொன்றியல் என்ற பகை ரெடியாக இருக்கிறது.

மற்ற நகரங்களையும் பார்த்தோம். நியூ பிரன்ஸ்விக்கின் மொங்க்ரனில் 2010, 2011, 2013, 2019 லீக் ஆட்டங்கள் நடந்த மைதானம் இருக்கிறது, ஊர் சிறியது. ஒன்ராறியோ லண்டனும் கிச்சினரும் ஹமில்ரனின் ரசிகர்களையே பிரித்தெடுக்கும் என்பது குழுவின் கருத்து. சஸ்கட்டூனுக்கு அணி கொடுப்பது ரெஜைனாவின் கட்டிலை இரண்டாக அறுப்பது. இவற்றில் நேரம் செலவழிக்கவில்லை.

நவம்பர் கூட்டத்தில் வாக்கெடுத்தோம். ஹலிபக்ஸுக்கு 23, கியூபெக் நகரத்துக்கு 14. நான் கியூபெக்குக்குப் போட்டேன். என் காரணத்தையும் பதிவு செய்கிறேன்: அங்கே சனிக்கிழமை ஃபுட்போலுக்குப் போகும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பழக்கத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியாது, மைதானத்தைக் கட்டலாம். ஹலிபக்ஸ் பக்கம் பேசியவர்கள் நாட்டின் பெயரைத் தாங்கிய லீக் அட்லாண்டிக் கடலைத் தொடாமல் இருப்பது குறை என்றார்கள். அதை என்னால் மறுக்க முடியவில்லை. பெரியவரின் தொப்பி என் கண்ணிலும் நிற்கிறது.

இரு தரப்பும் ஒன்றுபட்டது ஒரே நிபந்தனையில். நிரந்தர மைதானத்துக்கு அடிக்கல் நடும் வரை எந்த நகரத்துக்கும் அணியின் பெயரை அறிவிக்கக் கூடாது. ஒட்டாவா இதற்கு உதாரணம். 1876இல் தொடங்கிய அணி 1996இல் மூடியது, 2002இல் வந்த ரெனகேட்ஸ் நான்கே பருவம். லான்ஸ்டவுன் மைதானத்தைத் திருத்திக் கட்டி 2014இல் மூன்றாவது தடவை வந்தார்கள், 2016இல் கிண்ணம் எடுத்தார்கள். ஹலிபக்ஸ் முதலாவது, கியூபெக் இரண்டாவது, மைதானம் எல்லாவற்றுக்கும் முன் என்று எழுதிய கடிதம் டிசம்பரில் லீக் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. அதன் பிரதி வாசலில் உள்ள கோப்பில் இருக்கிறது.

வான் ஓட்டிய இரண்டு தம்பிமாருக்கும், பயணத்துக்கு இடியப்பமும் சம்பலும் கட்டித்தந்த அக்காமாருக்கும், கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதித் தந்த மாணவிக்கும் சங்கத்தின் நன்றி. 2024இல் கியூபெக் பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரலாம். ஒரு வான்தான், 7 இடம் மிச்சம் இருக்கிறது.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்