கரண்ட் வைத்தபின் வரும் புண்ணுக்கு ஊருக்கு ஓர் அளவுகோலா?

காவிரிப் படுகை மருத்துவமனைகளின் கதிர்வீச்சு, பல், சிறுநீரகவியல் துறை மருத்துவர்களுக்கு,

வணக்கம். வாய்ப்புற்றுக்கோ கருப்பைவாய்ப் புற்றுக்கோ கரண்ட் வைத்து (கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்து) மாதங்கள், சில சமயம் வருஷங்கள் கழித்துத் தாடை எலும்பு வெளியே தெரிகிறது, அல்லது சிறுநீரில் ரத்தம் போகிறது. உயர் அழுத்த ஆக்சிஜனுக்கு, அதாவது அழுத்தம் ஏற்றிய மூடிய அறையில் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்கும் சிகிச்சைக்கு, அனுப்புவதா, ஆன்டிபயாட்டிக்கிலும் ரத்தம் ஏற்றுவதிலுமே நாளை ஓட்டுவதா? நோயாளி தஞ்சாவூர் பஸ் ஏறினாரா, நாகப்பட்டினம் பஸ் ஏறினாரா என்பதைப் பொறுத்து இந்தப் பதில் மாறக் கூடாது.

எல்லோரையும் அனுப்பச் சொல்லவில்லை. கதிர்வீச்சு பட்ட கீழ்த்தாடையில் பல் பிடுங்குவதற்கு முன் 20 ஆக்சிஜன் அமர்வு, பின் 10 என்ற பழைய கணக்கை வழக்கமாக எழுதுவதை நிறுத்தலாம். 2019இல் வந்த ஹோபான் ஆய்வில், ஆக்சிஜன் பெற்றவர்களில் 6.4 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 5.7 சதவீதத்தினருக்கும் ஆறு மாதத்தில் எலும்பு அழுகல் வந்தது. வித்தியாசமே இல்லை. ஏற்கெனவே அழுகிய எலும்புக்கு ஆக்சிஜன் மட்டும் போதாது, அறுவை மருத்துவரும் கூட இருக்க வேண்டும்.

சிறுநீர்ப்பை விஷயம் வேறு. அதே ஆண்டின் ரிச்-ஆர்ட் ஆய்வில் 2.4 முதல் 2.5 வளிமண்டல அழுத்தத்தில், 80 முதல் 90 நிமிஷம் வீதம் 30 முதல் 40 அமர்வு பெற்றவர்களின் உபாதை தெளிவாகக் குறைந்தது. இவர்களை அனுப்பத் தயங்காதீர்கள். மலக்குடல் ரத்தக்கசிவில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, குடல் மருத்துவர் பார்த்தபின் முடிவு செய்யலாம்.

அனுப்பும்போது கையில் கொடுத்துவிடும் காகிதத்தில்தான் பெரும்பாடு. 'ஆர்டி (கதிர்வீச்சு) முடிந்தது' என்று ஒற்றை வரி போதாது. எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு), எத்தனை தவணை, எந்த இடத்தில், கடைசித் தேதி என்ன என்று வேண்டும். புண் இருக்கும் எலும்பு கதிர்ப்பாதையில் இருந்ததா என்பதே இல்லாவிட்டால் தெரியாது. புற்று திரும்பவில்லை என்று காட்டும் பயாப்சி (சதைத் துணுக்குப் பரிசோதனை) அல்லது சிஸ்டோஸ்கோபி (சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது), தாடைக்கு முழுத் தாடையும் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே, எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரே சேர்த்துவிடுங்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால் அழுத்தம் இறக்கும்போது உயிருக்கே ஆபத்து. நுரையீரலைப் பாதிக்கக்கூடிய புற்றுமருந்தான பிளியோமைசின் போட்டிருந்தால் பெரிதாக எழுதுங்கள். காது அடைப்பு, வலிப்பு, ஆஸ்துமா உண்டா என்றும் குறியுங்கள். சர்க்கரை நோயாளிக்கு அமர்வின்போது சர்க்கரை இறங்கும், அதனால் சாப்பிடாமல் போகக் கூடாதென்று சொல்லியனுப்புங்கள்.

இன்னொன்று: வாரம் 5 நாள் என்றால் 40 அமர்வுக்கு 8 வாரம். ஆக்சிஜனால் புது ரத்தக்குழாய் முளைக்கவே சில வாரம் பிடிக்கும், பத்தாவது நாளில் ஊர் திரும்பினால் போன செலவு வீண். தங்க இடம் உண்டா, துணைக்கு யார், சம்பா அறுவடை எப்போது என்று சீட்டு எழுதும் மேசையிலேயே கேட்டுவிடுங்கள். ரத்தம் கட்டி சிறுநீர் அடைத்தவருக்கு மட்டும் அறுவடை பார்த்துக் காத்திருக்க முடியாது. அவரை முதலில் வார்டில் சேர்த்துக் கட்டியைக் கழுவி எடுத்துவிட்டு அனுப்புங்கள்.