கரண்ட் வைத்து முடிந்த பிறகு வாய் யார் பொறுப்பு?

மக்களைத் தேடி மருத்துவத்தையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தையும் கவனிக்கும் தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்புகிறீர்களே, அவர்களுக்கு அப்புறம் என்ன ஆகிறது என்று கேட்டுப் பார்த்ததுண்டா? பலருக்கு வாய் திறக்காமல் போகிறது. ஒரேயடியாக இல்லை, மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. நல்ல வாய் என்றால் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு நடுவே நுழைக்கலாம். 35 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் தாடை இறுக்கம் என்பது மருத்துவக் கணக்கு. எங்கள் சித்தப்பாவுக்கு இப்போது சுண்டுவிரல் நுழைந்தாலே பெரிய விஷயம்.

இளவயதிலிருந்து கன்னத்தில் புகையிலை ஒதுக்கியவர்தான், மறைக்கவில்லை. (குட்காவுக்கு 2013-லிருந்து தடை. கேட்கிற விதத்தில் கேட்டால் பெட்டிக்கடையில் கிடைக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், அதை விடுங்கள்.) நோயைக் கண்டுபிடித்ததிலும் சிகிச்சையிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. காப்பீட்டு அட்டையில் எல்லாம் நடந்தது, கையிலிருந்து போனது பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும்தான். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு உள்ள காலத்தைப் பற்றி.

மெல்லுவதற்கான தசைகள் கன்னத்திலும் தாடைக்கு உள்பக்கத்திலும் இருக்கின்றன. கரண்ட் படுகிற இடத்துக்குள் அவையும் வந்துவிட்டால் சதை நாராக மாறி இறுகுகிறது; வலிக்குப் பயந்து வாயைத் திறக்காமலே இருந்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். இறுகிய பிறகு என்ன பாடு தெரியுமா? இட்லியை ரசத்தில் கரைத்துத்தான் தருகிறோம், ஸ்பூன் போகாததால் டம்ளரைச் சாய்த்து உதட்டோரமாக ஊற்றி உறிஞ்சுகிறார், பாதி தாடையில் வழிகிறது, அதனால் விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். குழந்தைகள் பிரஷ்ஷைக்கூடப் பின்பல் வரை கொண்டுபோக முடியாது. பல் சொத்தையானால், கரண்ட் பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பே ஆறாமல் போகலாம் என்று டாக்டர்கள் யோசிக்கிறார்கள். நோய் திரும்ப வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும் வாய் திறக்க வேண்டுமே! நாளைக்கே இன்னொரு ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவருக்குக் குழாய் விடுவதும் சிரமம்.

இதைத் தள்ளிப்போட வழி இருக்கிறது, அதில் மர்மம் ஒன்றுமில்லை. கன்னத்தில் இதமான சூட்டில் ஒத்தடம் கொடுத்து, முடிந்தவரை வாயைத் திறந்து அப்படியே சில நொடி நிறுத்தி, தாடையை இடம் வலம் நகர்த்தி, கட்டைவிரலை மேல்பல்லிலும் ஆள்காட்டி விரலைக் கீழ்ப்பல்லிலும் வைத்து மெல்ல விரித்து, அப்புறம் ஐஸ் குச்சி. தட்டையான மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, கொஞ்ச நேரம் தாங்கியதும் நடுவில் இன்னொன்றைச் செருக வேண்டும். ஒரு குச்சி இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் நேற்று ஒன்பது, இன்று பத்து என்று எண்ணும்போது அவர் முகத்தில் வருகிற தெம்பை நான் பார்த்திருக்கிறேன். இதற்கென்று வெளிநாட்டில் செய்த கருவிகளும் உண்டு, விலை நமக்குக் கட்டாது. எலும்பை வெட்டித் தகடு வைத்தவர்கள், சதை எடுத்து ஒட்டியவர்கள் எப்போது தொடங்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் தொடங்க வேண்டிய காலம் கரண்ட் வைப்பதற்கு முன்பும், வைக்கும்போதும், முடிந்த முதல் மாதங்களிலும்தான். இறுகிப் போன பிறகு குச்சியால் மீட்பது கொஞ்சம்தான்.

எங்களுக்கு இது தெரியவந்தது காலம் கடந்து. பல் டாக்டர் ஈஎன்டிக்கு அனுப்பினார், ஈஎன்டியில் பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார்கள், பிசியோதெரபியில் கை, கால், முதுகு என்றால் பார்ப்போம், வாய் எங்கள் வேலையில்லை என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன், ஒரு ஆஸ்பத்திரியின் குறையாக இதை நான் பார்க்கவும் இல்லை. வாய் எந்தத் துறையின் பொறுப்பு என்று யாரும் முடிவு செய்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய உங்கள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலேயே பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார், பக்கவாதம் வந்தவர்களின் கை காலை நீட்டி மடக்கப் பழக்குகிறார். எங்கள் தெருவுக்கும் வருகிறார், நல்ல மனிதர். அவர் பட்டியலில் வாய்ப் புற்றுநோய் முடிந்தவர்களின் பெயர் இல்லை, வேறொன்றும் இல்லை. பிரஷரும் சுகரும் பார்க்க வருகிற தன்னார்வலர் அக்காவின் பையில் ஒரு சின்ன ஸ்கேல் இருந்தால் முன்பற்களின் இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டு போகலாம். குறைந்துகொண்டே வருகிறது என்றால் மேலே சொல்லட்டும்.

காப்பீட்டுப் பக்கமும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தினால் அதற்குப் பின் கேட்கவும் பேசவும் பழக்கும் பயிற்சியும் சேர்த்துத்தானே கொடுக்கிறீர்கள்? கருவி வைத்ததோடு வேலை முடியாது என்று அங்கே புரிந்துகொண்ட அதே அரசுதான் இங்கேயும். வாய்ப் புற்றுநோய் பேக்கேஜிலும் தாடைப் பயிற்சியையும், விழுங்கவும் பேசவும் கஷ்டப்படுகிறவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியாளரையும் சேருங்கள். இதற்கு நிதித் துறை, அரசாணை, நேரம் எல்லாம் வேண்டும், புரிகிறது.

அதுவரை ஒரு காரியம் மட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைக்குக் கீழே, இன்று வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, பயிற்சியை எப்போது தொடங்க வேண்டும், எங்கே போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கரண்ட் வைக்க வரும் முதல் நாளிலேயே ஒரு கட்டுக் குச்சியையும் கையில் கொடுங்கள். இதற்கு ஒரு சுற்றறிக்கை போதுமென்றுதான் நினைக்கிறேன். போதுமென்றால் இந்த மாதமே அனுப்பிவிடுங்கள், இன்றைக்கும் யாராவது ஒருவர் கரண்ட் முடித்து ஊருக்குப் பஸ் ஏறிக்கொண்டுதான் இருப்பார்.