உங்கள் பெட்டிக்குள் இருக்கும் எங்கள் கருப்பன் அரிவாள்

எங்கள் ஊரில் 12 நாள் படப்பிடிப்பு நடத்திச் சென்ற குழுவினருக்கு, நாகமலை அடிவாரத்திலிருந்து ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் எழுதும் மடல்.

நீங்கள் புறப்பட்ட பிறகு வந்த வெள்ளிக்கிழமை, கருப்பசாமி பீடத்தில் சார்த்தியிருந்த நடு அரிவாளை எண்ணெய் பூச எடுத்த பூசாரி, அது கனமே இல்லாமல் கையோடு வந்ததைக் கண்டு திகைத்துப்போனார். திருப்பாச்சேத்திப் பட்டறையில் அடித்து நேர்த்திக்கடனாக வந்த இரும்பு அரிவாள் இருந்த இடத்தில், சில்வர் பெயிண்ட் அடித்த மர அரிவாள் இருந்தது. தொலைபேசியில் கேட்டபோது உங்கள் மேலாளர், ஆர்ட் டிபார்ட்மென்டில் கூலிக்கு வந்த உங்கள் ஊர்ப் பையனை விசாரியுங்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவன் டீக்கடைப் பக்கம் தலைகாட்டுவதில்லை.

பையன் என்னிடம் படித்தவன் என்பதால் நானே விசாரித்தேன். வெள்ளிதோறும் அந்த அரிவாளின் நுனியில் எலுமிச்சம்பழம் குத்துவார்கள். பழத்தின் அமிலம் பட்டுப் பட்டு நுனி இரண்டு விரற்கடை அளவுக்குக் கறுத்திருக்கும். 11ஆம் நாள் மாலை டீக்கடைக்காரர் தம் செல்போனில் எடுத்த படத்தில் அந்தக் கறுப்பு தெளிவாகத் தெரிகிறது. பையனோ 12ஆம் நாள் காலையிலேயே தேர்வுக்காக மதுரைக்குப் போய், இரவு அங்கேயே தங்கிவிட்டான். அன்று மாலை 6 மணிக்குக் கோயில் சாவியை வாங்கியதாக ஏட்டில் கையெழுத்திட்டிருப்பவர் உங்கள் உதவியாளர்.

அன்றிரவுதான் கதாநாயகன் அரிவாளைக் கருங்கல் படியில் உரசிக்கொண்டே இறங்கினார். பொறி பறந்தது, ஊரே விசிலடித்தது, நானும்தான். உரசும்போது பெயர்ந்து தெறிக்கும் இரும்புத் துகள் காற்றில் எரிவதே பொறி என்று எத்தனையோ ஆண்டு கரும்பலகையில் எழுதிப்போட்ட எனக்கு, மர அரிவாளில் அது எப்படி வந்தது என்று அப்போது உறைக்கவில்லை. அவர் கை தொய்ந்ததையும் நடிப்பு என்றே நினைத்துப் பாராட்டினோம்.

திருடும் எண்ணம் உங்களுக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. பொறி வேண்டுமென்று யாரோ பீடத்து அரிவாளை எடுத்துத் தந்திருக்கிறார்கள். விடிவதற்குள் பேக்கப் ஆக வேண்டிய அவசரத்தில் டம்மி பீடத்துக்கும் அசல் பெட்டிக்கும் போய்விட்டன. நம்பாவிட்டால் கிளாப் எண்ணைப் பார்த்து அந்த ஷாட்டை எடுத்து ஓட்டுங்கள். நொடிக்கு 24 பிரேம் இருக்கிறது, ஏதாவது ஒன்றில் கறுத்த நுனி அகப்படும். அதன் பிறகு பெட்டியைத் திறங்கள்.

அரிவாளை லாரி சர்வீஸில் போட்டுவிட வேண்டாம். உங்களில் ஒருவர் நேரில் வந்து, ஊர்ச் சாவடியில் எல்லோரும் பார்க்க அந்தப் பையனிடம் கொடுக்க வேண்டும். பீடத்தில் அவன் வைப்பான். உங்கள் மர அரிவாள் என் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது, வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.